அமர்வுக்கு முன் இரண்டு நிமிடப் பாரம்: புதிதாகத் தொடங்கும் தமிழ் ஆலோசகர்களுக்கு

மலேசியாவில், பினாங்கு மாநிலத்தின் பிறை என்ற ஊரில், ஒரு சமூக நிலையத்தின் மாடி அறையில் மனநல ஆலோசனை தரத் தொடங்கியபோது, வருபவர்களிடம் ஒவ்வொரு முறையும் ஒரு சின்னக் கேள்வித்தாளை (இங்கே நாங்கள் பாரம் என்போம், ஆங்கிலத்தில் form) கொடுத்து நிரப்பச் சொல்லும் பழக்கம் எனக்கு இருந்தது. படிக்கும் காலத்தில் வந்த பழக்கம். தாளைக் கொடுக்கவும் புள்ளியைக் கூட்டவும் தெரியும். கூட்டி வந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதுதான் சரியாகத் தெரியாது, தெரியாது என்பதும் தெரியாது.

முதல் வருடம் ஓர் அம்மா வந்தார் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 பாரத்தில் 14 புள்ளி (புள்ளி கூடினால் சோர்வும் கூடுதல்). சில வாரம் கழித்து 11. நான் தாளைத் திருப்பிக் காட்டி, "பாருங்கம்மா, குறைஞ்சிருக்கு" என்றேன். அவருக்கும் சந்தோஷம். அடுத்த முறை 15 வந்தது. அவர் முகம் வாடிப்போய், "நான் ஏதாச்சும் தப்பா செஞ்சிட்டேனா மிஸ்?" என்று கேட்டார். அன்று மாலை என் சூப்பர்வைசரிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "அந்தப் பாரம் தானா எவ்வளவு ஆடும்னு உனக்குத் தெரியுமா?"

தெரியவில்லை. தெரிந்துகொள்ள எனக்கு ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஆயிற்று. நீங்கள் இப்போதுதான் பயிற்சியை முடித்துவிட்டு பட்டர்வொர்த்திலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ செந்தூலிலோ தமிழ் பேசும் ஆட்களைப் பார்க்கத் தொடங்குகிறீர்கள் என்றால், கீழே இருப்பதை வரிசையாகச் செய்யுங்கள். ஆறு, ஏழு வாரத்தில் முடித்துவிடலாம்.

1. எதற்காகப் பாரம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இரண்டு வேலைகள் இருக்கின்றன, பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஒருவருக்கு மனச்சோர்வு நோய் இருக்கக்கூடுமா என்று சல்லடை போட்டுப் பார்ப்பது ஒன்று. வந்துகொண்டிருப்பவர் வாரா வாரம் தேறுகிறாரா, மோசமாகிறாரா என்று பார்ப்பது இன்னொன்று. ஒரு பாரம் முதல் வேலையை நன்றாகச் செய்கிறது என்பதற்காக இரண்டாவதையும் அதே அளவு நன்றாகச் செய்யும் என்று எண்ணிவிடாதீர்கள். நான் விழுந்த முதல் குழி இதுதான். பிஎச்கியூ-9 பற்றி எல்லோரும் சொல்லும் 88 சதவீதம், 88 சதவீதம் என்ற இரண்டு எண்களும் (நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விடுகிறது என்பவை; 2001இல் வந்த மூல ஆய்வில், 10ம் அதற்கு மேலும் என்று கோடு போட்டபோது கிடைத்தவை) சல்லடை வேலைக்கு உரியவை. உங்கள் கிளையண்ட் 14இலிருந்து 11க்கு வந்ததற்கு என்ன அர்த்தம் என்று அந்த எண்கள் சொல்லாது.

இந்த வழிகாட்டி இரண்டாவது வேலைக்கானது. அது ஏன் தேவை என்று சந்தேகம் இருந்தால் ஒரு தகவல்: 2005இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், 550 பேரைப் பார்த்துவந்த ஆலோசகர்களிடம் யார் யார் மோசமாவார்கள் என்று கணிக்கச் சொன்னார்கள். கடைசியில் 40 பேர் மோசமானார்கள். ஆலோசகர்கள் கைகாட்டியது மூன்று பேரை மட்டும்தான், அதிலும் சரியாக அமைந்தது ஒன்று. கண்ணால் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று நானும் நம்பியிருந்தேன்.

2. ஒரே ஒரு பாரத்தைத் தேர்ந்தெடுங்கள்

நான்கைந்தை ஒன்றாகக் கொடுக்காதீர்கள். வேலை முடிந்து மோட்டாரில் வந்து இறங்குபவர், உட்கார்ந்து நாற்பது கேள்விக்கு மனம் வைத்துப் பதில் எழுதமாட்டார். நம் வட்டாரத்தில் புழங்குபவற்றைப் பற்றி எனக்குத் தெரிந்தது இது.

பிஎச்கியூ-9: ஒன்பது கேள்வி, 0 முதல் 27 வரை புள்ளி, கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிக் கேட்கும். சோர்வின் கடுமைக்கு 5, 10, 15, 20 என்று படி வைத்திருக்கிறார்கள். இலவசம். மலாய் மொழிபெயர்ப்பை இந்நாட்டு ஆரம்ப மருத்துவ நிலையங்களுக்கு வந்த பெண்களிடம் சோதித்து 2012இல் வெளியிட்டிருக்கிறார்கள். அங்கேயும் 10 என்ற கோடு சரியாகவே வந்தது.

ஜிஏடி-7: பதற்றத்துக்கானது. ஏழு கேள்வி, 21 புள்ளி, இதுவும் இரண்டு வாரம், இலவசம். மலாய் வடிவத்தில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மூல ஆய்வில் கோடு 10. மலேசியப் பெண்களிடம் சோதித்தபோது 8தான் பொருத்தமாக இருந்தது. மொழியும் ஊரும் மாறினால் கோடும் நகரும் என்பதற்கு நம் வீட்டிலேயே உள்ள சாட்சி இது.

டாஸ்-21: இந்நாட்டில் கிளினிக்கிலும் பள்ளியிலும் அதிகம் பார்ப்பீர்கள். 21 கேள்வி, கடந்த ஒரு வாரம், மனச்சோர்வு, பதற்றம், மன அழுத்தம் என்று மூன்று தனித்தனிப் புள்ளிகள். கேள்விகள் யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுச் சொத்து என்பதால் அனுமதி தேவையில்லை. ஆனால் நீளமான 42 கேள்வி வடிவத்தின் அட்டவணையோடு ஒப்பிட வேண்டுமானால் புள்ளியை இரண்டால் பெருக்க வேண்டும். பெருக்கிய புள்ளிக்கு ஓர் அட்டவணை, பெருக்காததற்கு வேறு அட்டவணை என்று இரண்டும் சுற்றுகின்றன. வேறு இடத்திலிருந்து ஒருவரை உங்களிடம் அனுப்பினால் கடிதத்தில் இருக்கும் எண் எந்த வகை என்று போன் போட்டுக் கேளுங்கள். நான் கேட்காமல் ஒருவரின் நிலை ஒரே மாதத்தில் இரட்டிப்பாகிவிட்டது என்று பயந்து அவர் குடும்பத்தையும் பயமுறுத்தினேன். அந்தத் தவறை நினைத்தால் இன்றும் கஷ்டமாக இருக்கிறது.

கோர்-10: பொதுவான மனக் கஷ்டத்துக்கானது. பத்துக் கேள்வி, 40 புள்ளி, கடந்த ஒரு வாரம். பிரிட்டனில் உருவானது. 11ம் அதற்கு மேலும் இருந்தால் உதவி தேவைப்படும் அளவு கஷ்டம், 6 புள்ளியாவது மாறினால்தான் நம்பத்தக்க மாற்றம் என்று உருவாக்கியவர்களே சொல்லியிருக்கிறார்கள். தாளில் அச்சிட்டுப் பயன்படுத்தக் கட்டணம் இல்லை, ஆனால் ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது. இதில் இரண்டு கேள்விகள் தலைகீழ்: உதவிக்கு ஆள் இருக்கிறதா, சமாளிக்க முடிகிறதா என்பவை. அவற்றுக்குப் புள்ளியையும் தலைகீழாகப் போட வேண்டும். ஒருவர் படிக்காமலே பத்துக்கும் "இல்லவே இல்லை" என்று நேராக டிக் போட்டுக்கொண்டு போனால் பூஜ்யம் வராது, 8 வரும். அந்த 8ஐப் பார்த்தால் தாளை ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.

ஓஆர்எஸ்: ஸ்காட் மில்லர், பேரி டங்கன் முதலியோர் 2003இல் வெளியிட்டது. கேள்வியே கிடையாது, நான்கு கோடு மட்டும், ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர். தன் நிலை, குடும்பம், வெளியுலகம், மொத்தத்தில் எப்படி. கோட்டில் ஒரு குறி போட்டால் போதும், ஸ்கேல் வைத்து அளந்து கூட்டினால் 40க்கு ஒரு எண் வரும். இங்கே எண் கூடினால் நல்லது, மற்றவற்றுக்கு எதிர்மாறு. பெரியவர்களுக்கு 25க்குக் கீழே இருந்தால் கஷ்டத்தில் இருக்கிறார் என்று கணக்கு. ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஓக்யூ-45, கிளையண்டின் மொத்த நிலையை அளப்பது, நல்ல பாரம், ஆனால் 45 கேள்வி, உரிமத்துக்குப் பணமும் கட்ட வேண்டும். தனியாளாகத் தொடங்கும்போது வேண்டாம் என்பேன்.

எனக்குக் கேட்டால்? பொதுவான கஷ்டங்களோடு வருபவர்களுக்கு கோர்-10, வாசிக்கச் சிரமப்படுபவர்களுக்கு ஓஆர்எஸ், மருத்துவமனையோடு சேர்ந்து பார்க்கும் ஆட்களுக்கு பிஎச்கியூ-9. ஒரு கிளையண்டுக்கு ஒன்றுதான்.

3. அனுமதியும் காகிதங்களும்

இதற்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள். பாரத்தை அதன் உரிமையாளர்களின் தளத்திலிருந்தே இறக்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் வந்ததை, சீனியர் கொடுத்த போட்டோஸ்டேட்டை எடுக்காதீர்கள். என் கைக்கு வந்த ஒரு பிரதியில் ஒரு கேள்வியே விடுபட்டிருந்தது.

ஓஆர்எஸ்ஸுக்குத் தனியாளாக இருந்தால் பதிவு செய்து இலவசமாக வாங்கலாம், நிலையமாகப் பயன்படுத்தினால் கட்டணம் உண்டு. நீங்கள் ஒரு நிலையத்தில் பகுதி நேரம் வேலை செய்தால் எந்த வகையில் வருவீர்கள் என்று எழுதிக் கேட்டு, வந்த பதிலை அச்சிட்டு ஃபைலில் வையுங்கள்.

அடுத்து ஒப்புதல் பாரம். 2010ஆம் ஆண்டு தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல், மனநிலை பற்றிய தகவல் கூடுதல் கவனத்தோடு காக்க வேண்டிய தரவு வகையில் வருகிறது. கட்டணம் வாங்கி ஆலோசனை தருபவர் அதைச் சேகரிக்க வெளிப்படையான ஒப்புதல் வாங்க வேண்டும். பொதுவான ஆலோசனை ஒப்புதலிலேயே இதுவும் அடங்கிவிடும் என்று விடாமல், "ஒவ்வொரு முறையும் ஒரு சிறு பாரம் நிரப்புவீர்கள், இதற்குத்தான் பயன்படும், இவ்வளவு காலம் வைத்திருப்போம், இன்னார் பார்ப்பார்கள்" என்று தனியாக நான்கு வரி சேருங்கள். சூப்பர்வைசர் பார்ப்பார் என்றால் அதையும் எழுதுங்கள். பதிவு பெற்ற ஆலோசகராக 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின் கீழ் ரகசியம் காக்கும் கடமையும் உங்களுக்கு இருக்கிறது.

பின்னாளில் இந்த எண்களை வைத்துக் கட்டுரை எழுதும் எண்ணம் இருந்தால், சேகரிக்கத் தொடங்கும் முன்பே நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். சுகாதார அமைச்சின் இடம் என்றால் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டிலும் பதிய வேண்டும். பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால் அந்தத் தரவை வைத்து எதுவும் செய்ய முடியாது.

4. எந்த மொழி? இங்கேதான் அதிகம் தடுக்கும்

என்ன மொழி பேசுவீர்கள் என்று கேட்காதீர்கள். எந்த மொழியில் படிக்க லேசாக இருக்கும் என்று கேளுங்கள். என் அறைக்கு வரும் இருபது வயதுப் பிள்ளைகள் பலர் என்னோடு முழுக்கத் தமிழில்தான் பேசுவார்கள், ஆனால் தேசியப் பள்ளியில் படித்தவர்கள், தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கவே நேரம் எடுக்கும். அவர்களுக்கு மலாய்ப் பாரம்தான் சரி. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்த அம்மாக்களுக்குத் தமிழ். சிலருக்கு நாம் வாசித்துக் காட்ட வேண்டியிருக்கும், அப்படிச் செய்தால் தாளின் மூலையில் "வாசித்துக் காட்டியது" என்று எழுதிவையுங்கள். நம் முகத்தைப் பார்த்துச் சொல்லும் பதில் வேறு, தனியாக டிக் போடும் பதில் வேறு.

எந்த மொழியில் தொடங்கினீர்களோ கடைசிவரை அதே மொழி. நான் ஒரு பையனுக்கு நடுவில் தமிழிலிருந்து மலாய்க்கு மாற்றினேன், புள்ளி சட்டென்று இறங்கியது, நானும் மகிழ்ந்துபோனேன். அவன் தேறியதால் இறங்கியதா, தாள் மாறியதால் இறங்கியதா என்று இன்றுவரை எனக்குச் சொல்ல முடியாது.

இப்போது தமிழ் வடிவம். தமிழ்நாட்டை மனதில் வைத்து மொழிபெயர்த்ததை இங்கே அப்படியே கொடுத்தால் சில இடங்களில் இடறும். பிஎச்கியூ-9இல் மனம் சோர்ந்து துக்கமாக இருப்பதைக் கேட்கும் கேள்வி ஒன்று, உடல் களைப்பைக் கேட்கும் கேள்வி ஒன்று. நான் முதலில் வைத்திருந்த பிரதியில் முன்னதற்கு "மனச்சோர்வு", பின்னதற்கு "சோர்வு". தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கும் பெண்கள் இரண்டுக்கும் ஒரே பதில் போட்டார்கள். கேட்டுப் பார்த்தால், "ரெண்டும் டயர்டா இருக்கிறதுதானே மிஸ்" என்றார்கள். அந்தத் தாளில் எழுத்தில் ஒன்பது கேள்வி, பதில் சொல்பவர் மனதில் எட்டு. இப்படி இரண்டு கேள்வி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் நம்பகத்தன்மை எண் உயரும், பார்ப்பவர் நல்ல பாரம் என்பார். அளப்பதோ குறைந்துபோயிருக்கும்.

ஏற்கெனவே சோதித்த தமிழ் வடிவம் கிடைக்காமல் நீங்களே மொழிபெயர்க்க வேண்டி வந்தால் முதலில் உரிமையாளரிடம் எழுதிக் கேளுங்கள். பலர் நிபந்தனையோடு அனுமதிப்பார்கள், தாங்களே முன்னின்று நடத்தவும் செய்வார்கள். வேலை இப்படிப் போகும்: இரண்டு பேர் தனித்தனியாகத் தமிழாக்க வேண்டும், மூன்றாவது ஆளோடு உட்கார்ந்து ஒன்றாக்க வேண்டும், மூலத்தைப் பார்த்திராத ஒருவர் அதைத் திரும்ப மூலமொழிக்குக் கொண்டுபோக வேண்டும், அப்புறம் பாரத்தை நிரப்பப்போகும் மாதிரியான ஐந்திலிருந்து எட்டுப் பேரிடம் ஒவ்வொரு கேள்வியையும் வாசிக்கச் சொல்லி, "இது உங்களுக்கு என்ன கேக்குது?" என்று கேட்க வேண்டும். இந்தக் கடைசிப் படியை மட்டும் விடவே விடாதீர்கள். என் சோதனையில் "பசி" பற்றிய கேள்விக்கு ஒரு பாட்டி, "தைப்பூச விரதம் இருக்கேன்மா, ஒரு வேளைதான் சாப்பாடு, இதுல என்ன போடுறது?" என்று கேட்டார். தரையில் படுப்பதால் தூக்கமும் மாறியிருந்தது. உண்மையிலேயே நல்ல கேள்வி. அன்றிலிருந்து தைப்பூசத்துக்கு முந்தைய வாரங்களில் நிரப்பும் தாளில் "விரதம்" என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். புள்ளியை மாற்றுவதில்லை, படிக்கும்போது நினைவில் வைத்துக்கொள்கிறேன்.

செலவு: இரண்டு மொழிபெயர்ப்பாளர்களுக்கும் திரும்ப மொழிபெயர்த்தவருக்கும் ஆளுக்கு 150 ரிங்கிட் கொடுத்தேன், சோதனைக்கு வந்தவர்களுக்குத் தேநீரும் போக்குவரத்துக் காசும். காலம்: நான்கு வாரம். மலாய் வடிவம் போதும் என்றால் இந்தச் செலவே இல்லை.

5. பாரம் தானாக எவ்வளவு ஆடும் என்று கணக்குப் போடுங்கள்

நம்பகத்தன்மை என்றால், ஒருவரின் நிலை மாறாதபோது எண்ணும் மாறாமல் நிற்பது. வீட்டுத் தராசில் இறங்கி மறுபடி ஏறினால் அதே எடை காட்ட வேண்டுமே, அதுதான். ஆய்வுக் கட்டுரையில் இதற்கு இரண்டு வகை எண் பார்ப்பீர்கள். ஒன்று கிரோன்பாக் ஆல்ஃபா: கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது. இன்னொன்று மறுசோதனை: கொஞ்ச நாளில் மறுபடி கேட்டால் எவ்வளவு ஒத்துவருகிறது என்பது. இரண்டிலும் 1 என்றால் முழு ஒத்துப்போதல். பிஎச்கியூ-9இன் மூல ஆய்வில் ஆல்ஃபா இரண்டு குழுக்களில் 0.86, 0.89, 48 மணி நேரத்துக்குள் மறுபடி கேட்டபோது 0.84. வாரா வாரம் பார்க்கும் நமக்கு இந்த இரண்டாவது எண்தான் அதிகம் உதவும்.

ஆல்ஃபா 0.9க்கு மேல் என்று பார்த்ததும் மயங்காதீர்கள். ஓஆர்எஸ்ஸில் நான்கே கோடு, இருந்தும் ஆல்ஃபா மிக உயரம். ஒரு காரணம், பலர் முதல் கோட்டில் எங்கே குறி போட்டார்களோ அதற்கு நேர் கீழேயே மற்ற மூன்றிலும் போட்டுவிடுகிறார்கள். அப்போது நான்கு கோடும் ஒரு கோடுதான். மொத்தப் புள்ளியை நம்பலாம், "குடும்பக் கோடு மட்டும் இறங்கியிருக்கிறதே" என்று தனிக் கோட்டை வைத்துப் பெரிய முடிவுக்குப் போகாதீர்கள்.

சரி, கணக்கு. 1991இல் ஜேக்கப்சனும் ட்ரூவாக்ஸும் கொடுத்த முறை இது, கால்குலேட்டர் போதும். இரண்டு எண் வேண்டும்: கிளையண்டுகளின் புள்ளிகளுடைய திட்டவிலக்கம் (அவை சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்பது), பாரத்தின் நம்பகத்தன்மை. எடுத்துக்காட்டாகத் திட்டவிலக்கம் 5, நம்பகத்தன்மை 0.84 என்று வைத்துக்கொள்வோம்.

ஒன்றிலிருந்து 0.84ஐக் கழித்தால் 0.16. அதன் வர்க்கமூலம் 0.4. அதை 5ஆல் பெருக்கினால் 2. ஒரு தடவை அளப்பதில் உள்ள பிழை அது. நாம் இரண்டு தடவை அளக்கிறோம், அதனால் 2இன் வர்க்கமூலமான 1.414ஆல் பெருக்க 2.83. அதை 1.96ஆல் (95 சதவீத உறுதிக்கு வைக்கும் எண்) பெருக்க 5.5 வரும்.

ஆக 6 புள்ளியாவது மாறினால்தான், ஆள் மாறியிருக்கிறார் என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். அதற்குக் கீழே இருப்பது பாரத்தின் ஆட்டமாகவும் இருக்கலாம். அந்த அம்மாவின் 14, 11, 15 மூன்றுமே இந்த ஆட்டத்துக்குள் அடக்கம். நான் சிரித்ததற்கும் அவர் வாடியதற்கும் அந்த எண்களில் காரணம் எதுவும் இல்லை.

இந்த ஒரு எண்ணைக் கணக்கிட்டு, நீங்கள் பயன்படுத்தும் ஒவ்வொரு பாரத்துக்கும் ஃபைல் அட்டையின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள். கோர்-10க்கு 6 என்று தயாராகவே இருக்கிறது.

ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். ஆட்கள் தங்கள் ரொம்ப மோசமான வாரத்தில்தான் நம்மைத் தேடி வருகிறார்கள். அதற்கடுத்த வாரம் நாம் ஒன்றும் செய்யாவிட்டாலும் புள்ளி கொஞ்சம் இறங்கும். அதனால் பெயர் பதிய வரும் நாளில் ஒன்று, முதல் அமர்வுக்கு முன் ஒன்று என்று இரண்டு தாள் வாங்குங்கள். இரண்டாவதைத் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள்.

6. அளப்பது அதைத்தானா?

ஏற்புடைமை என்பது இதுதான். தராசு ஒவ்வொரு தடவையும் ஒரே எண்ணைக் காட்டலாம், அந்த எண் நாம் அறிய விரும்பியதன் எண்ணாக இருக்க வேண்டுமே. ஓஆர்எஸ்ஸை ஓக்யூ-45உடன் சேர்த்துப் பார்த்த ஆய்வுகளில் தொடர்பு ஏறக்குறைய 0.6 அளவில் வந்தது (முழுதாக ஒத்துப்போனால் 1). இரண்டும் ஒரே திசையில் போகின்றன, ஆனால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வைக்க முடியாது. நான்கு கோட்டில் 45 கேள்வியின் நுணுக்கம் கிடைக்காது, கேட்கவும் கூடாது.

நம் ஆட்களிடம் தனியாகக் கவனிக்க வேண்டியது குடும்பக் கோடு. வீட்டு விஷயத்தை வெளியாளிடம் குறை சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர்கள் அதில் வலது ஓரத்தில் குறி போட்டுவிட்டு, அமர்வில் அரை மணி நேரம் மாமியாரைப் பற்றியே அழுவார்கள். பொய் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தாள் எழுத்தாக நிற்கும், பேச்சு காற்றோடு போய்விடும், அதுதான் வித்தியாசம். "பாரத்துல நல்லாருக்குன்னு போட்டிருக்கீங்க, இப்ப சொன்னது வேற மாதிரி இருக்கே, ரெண்டையும் சேர்த்து எப்படிப் பார்க்கலாம்?" என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். என் அனுபவத்தில் நல்ல உரையாடல்கள் அங்கிருந்துதான் தொடங்கின.

அமர்வு எப்படி இருந்தது என்று கேட்கும் எஸ்ஆர்எஸ் பாரத்திலும் இதே கதை. 40க்கு 36க்குக் கீழே வந்தால் பேச வேண்டும் என்பது விதி. ஆனால் எனக்கு 40 போடாதவர்களே குறைவு, மிஸ்ஸுக்குக் குறைத்துப் போடுவது மரியாதையில்லை என்று நினைக்கிறார்கள். அதனால் "அடுத்த தடவை ஒரு விஷயத்தை மாத்தணும்னா எதை மாத்தலாம்?" என்று வாயால் கேட்கிறேன்.

7. அச்சிடும்போது ஸ்கேல் எடுங்கள்

ஓஆர்எஸ் பயன்படுத்துபவர்களுக்கு மட்டும் இது. கடையில் கொடுத்து அச்சிடும்போது மெஷின் தாளுக்கு ஏற்றபடி தானாகச் சுருக்கிவிடும். எனக்கு வந்த நூறு தாளில் கோடு 9.4 சென்டிமீட்டர்தான் இருந்தது. கோட்டின் அதே இடத்தில் குறி போட்டாலும், 26 வர வேண்டியவருக்கு 24.4 வரும், 25 என்ற எல்லைக்கு இந்தப் பக்கம் விழுந்துவிடுவார். நூறு சதவீத அளவில் அச்சிடச் சொல்லி, முதல் தாளை அங்கேயே அளந்து பார்த்துவிட்டு மீதியை எடுங்கள். போட்டோஸ்டேட்டிலிருந்து போட்டோஸ்டேட் எடுக்காதீர்கள்.

8. அறையில்

பாரம் அமர்வுக்கு முன்னால், காத்திருக்கும் இடத்தில், கூட வந்த கணவரோ அக்காவோ எட்டிப் பார்க்காத நாற்காலியில். அமர்வு முடிந்து கொடுத்தால் மனம் இறங்கிய நிம்மதியில் எண் நன்றாக வரும், அது வாரத்தின் எண் ஆகாது. பிஎச்கியூ-9 இரண்டு வாரத்தைக் கேட்பதால் வாரா வாரம் கொடுத்தால் பாதி நாட்கள் இரண்டு தாளிலும் வரும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுங்கள். கோர்-10, ஓஆர்எஸ் வாரா வாரம் கொடுக்கலாம்.

வாங்கியதும் அவர் முன்னாலேயே கூட்டி, வரைபடத் தாளில் புள்ளி வையுங்கள். வாங்கி ஃபைலில் போட்டுவிட்டால் மூன்றாவது வாரத்திலேயே நேராக டிக் போட ஆரம்பித்துவிடுவார்கள். "குறைஞ்சிருக்கு", "கூடியிருக்கு" என்ற சொற்களை நம்பத்தக்க அளவு தாண்டிய பிறகே சொல்லுங்கள். அதற்குள் இருந்தால் நான் சொல்வது: "ஏறக்குறைய அதே இடத்துலதான் இருக்கு. உங்களுக்கு எப்படித் தோணுது?"

9. தற்கொலை பற்றிய கேள்வி

பிஎச்கியூ-9இல் ஒன்பதாவது, கோர்-10இல் ஆறாவது. மொத்தப் புள்ளி எவ்வளவு இருந்தாலும் இந்த ஒரு பதிலைத் தனியாகப் பாருங்கள், அவர் உட்காரும் முன்பே பாருங்கள். மொத்தம் 6தான், லேசான நிலை என்று ஃபைலில் வைத்துவிடக் கூடாது. பூஜ்யம் தவிர எது வந்தாலும் அன்றே நேராகக் கேளுங்கள்: எண்ணமா, திட்டமா, கைக்கெட்டும் தூரத்தில் ஏதாவது இருக்கிறதா, வீட்டில் யார் இருக்கிறார்கள். பூஜ்யம் போட்டிருந்தாலும் பேச்சில் சந்தேகம் வந்தால் கேளுங்கள். ஆபத்து உடனடியாகத் தெரிந்தால் தனியே அனுப்பாமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு ஆளோடு அனுப்புங்கள். பாரம் கொடுக்கத் தொடங்கும் முன்பே அந்த வழியை எழுதி மேசையில் ஒட்டியிருக்க வேண்டும். அதில் அரசின் ஹீல் உதவி எண் 15555, கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 இரண்டையும் எழுதுங்கள். பிஃப்ரெண்டர்ஸ் 24 மணி நேரமும் உண்டு.

உண்மையைச் சொன்னால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து பூஜ்யம் போடுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023 செப்டம்பர் முதல் நடப்பில் இல்லை. இதை முதல் அமர்விலேயே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

10. முப்பது பேர் ஆனதும்

முப்பது பேரை வைத்து ஆல்ஃபா கணக்குப் போட்டுப் பெருமைப்பட வேண்டாம், அந்த எண்ணே நிலையில்லாமல் ஆடும். அதற்குப் பதிலாகத் தாள்களைத் தரையில் பரப்பிக் கண்ணால் பாருங்கள். எந்தக் கேள்வியை அதிகம் பேர் விட்டிருக்கிறார்கள்? எதற்கு எல்லோரும் ஒரே பதில் போட்டிருக்கிறார்கள்? எந்த இரண்டு கேள்விகள் எப்போதும் ஜோடியாகவே போகின்றன? காத்திருப்புப் பட்டியலில் இருப்பவர்கள் சம்மதித்தால் ஆலோசனை தொடங்கும் முன் ஒரு வார இடைவெளியில் இரண்டு தடவை நிரப்பச் சொல்லுங்கள், உங்கள் அறையில், உங்கள் மொழியில் பாரம் எவ்வளவு ஆடுகிறது என்று ஓரளவு தெரியும். நான் இப்படிப் பார்த்தபோதுதான் விட்டுப்போன பதில்களில் பெரும்பாலானவை தாளின் பின்பக்கத்தில் இருந்தவை என்று தெரிந்தது. இப்போது எல்லாம் ஒரே பக்கத்தில், எழுத்து 14 அளவில்.